பாக்டீரியா நெய்து தரும் மனிதப் புரதம் – நடை தள்ளாடும் பிள்ளைகளுக்கு மருந்தாகுமா?

சந்திரகிரி: திருப்பதியிலிருந்து சந்திரகிரி, பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி போகும் ரயிலில் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இல்லாத நாளே கிடையாது. கையில் ஒரு பை. பைக்குள் எக்ஸ்ரே உறை, பழைய மருந்துச் சீட்டுகள், கட்டுச்சோறு. இவர்களில் பெரும்பாலோரின் நோய்க்கு ஊரில் பெயர் உண்டு. சர்க்கரை, இருதயம், கல்லடைப்பு என்று கேட்டவுடன் சொல்லிவிடுவார்கள். பெயரே தெரியாமல் வருடக்கணக்கில் அலைகிற குடும்பங்களும் உண்டு. அப்படிப் பெயர் தெரியாமல் போகக்கூடிய ஒரு நோயையும், அதை ஆராய்வதற்காக விஞ்ஞானிகள் பாக்டீரியாவுக்குள் தயாரிக்கும் ஒரு மனிதப் புரதத்தையும் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

புரதத்தின் பெயர் பிராடாக்சின். நோயின் பெயர் பிரீட்ரைக் அடாக்சியா. ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் இருந்த நிக்கோலஸ் பிரீட்ரைக் என்ற டாக்டர் 1863ல் இதை முதன்முதலாக எழுதி வைத்தார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

பத்து, பதினைந்து வயது வரை பிள்ளை நன்றாகத்தான் ஓடியாடும். பிறகு நடையில் ஒரு தள்ளாட்டம் வரும். இருட்டில் அதிகமாகத் தெரியும். அடிக்கடி விழும். பேச்சு குழறும். கையெழுத்து கோணும். பாதத்தின் வளைவு மேலே தூக்கிக்கொள்ளும். முதுகெலும்பு ஒரு பக்கம் வளையும். டாக்டர் ரப்பர் சுத்தியலால் முழங்காலின் கீழே தட்டினால் மற்றவர்களுக்குக் கால் துள்ளும், இவர்களுக்குத் துள்ளாது. நோய் தொடங்கிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பலர் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்கள். இருதயத் தசை தடித்துப்போகிறது. சிலருக்குச் சர்க்கரை வியாதியும் வருகிறது. அறிவு மட்டும் மங்குவதில்லை. இதுதான் கொடுமை. பிள்ளைக்கு எல்லாம் புரிகிறது. "குடித்துவிட்டு வருகிறான்" என்று தெருவில் பேசுவதும் அவன் காதில் விழுகிறது.

ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் இந்த நோய் அதிகம். அங்கே சுமார் 50 ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தியாவில் அரிது என்றாலும் இல்லாமல் இல்லை. ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்யப்பட்ட குடும்பங்கள் உண்டு.

உயிரணுவுக்குள் ஓர் அடுப்படி

நம் உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில், மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. ரத்தச் சிவப்பணுக்கள் மட்டும் விதிவிலக்கு. நாம் சாப்பிடும் சோறு கடைசியில் சக்தியாக மாறுவது பெரும்பாலும் இந்த அடுப்படியில்தான். சக்தி ஏ.டி.பி. என்ற ரசாயனமாக வெளியே வருகிறது.

இந்த ஏ.டி.பி.யைத் தசையில் இனம் கண்டவர்களில் ஒருவர் நம் பக்கத்து மனிதர். பீமவரத்தில் பிறந்து, மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் எழுதித் தேறி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்தான் அவர். அமெரிக்காவில் ஹார்வர்டில் பிஸ்கே என்பவருடன் சேர்ந்து 1929ல் அதை வெளியிட்டார். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்திருந்தார். மெட்ரிகுலேஷனில் தவறியவர்களைக் கேலி செய்கிறவர்கள் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

மைட்டோகாண்ட்ரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேலை செய்கின்றன. அவற்றில் 13 மட்டுமே அங்கேயே உள்ள மரபணுக்களிலிருந்து உருவாகின்றன. அந்த மரபணுக்கள் தாய் வழியாக மட்டும் வருபவை. மற்ற எல்லாப் புரதங்களுக்கும் உத்தரவு உயிரணுவின் உட்கருவிலிருந்து வருகிறது. உட்கருவில் உள்ளது தாய் பாதி, தந்தை பாதி. பிராடாக்சின் இந்த இரண்டாம் வகை. அதன் மரபணு 9வது குரோமோசோமில் இருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய விஞ்ஞானிகள் அடங்கிய குழு ஒன்று 1996ல் அதைக் கண்டுபிடித்தது.

பிராடாக்சினுக்கு வேலை என்ன? இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு கொத்துகளை அடுப்படியில் கட்டும் போது அது துணைக்கு நிற்கிறது. அந்தக் கொத்துகள் இல்லாவிட்டால் ஏ.டி.பி. தயாரிக்கும் வரிசையில் பல புரதங்கள் ஓடாது. பிராடாக்சின் குறைந்தால் இரும்பு உள்ளேயே தேங்குகிறது, சக்தி குறைகிறது. அதிகச் சக்தி கேட்கும் நரம்பும் இருதயமும் முதலில் அடிபடுகின்றன.

நோய் உள்ளவர்களுக்குப் பிராடாக்சின் அறவே இல்லாமல் போவதில்லை. ஜி.ஏ.ஏ. என்ற மூன்றெழுத்து மரபணுவில் திரும்பத் திரும்ப வரும் இடம் ஒன்று உண்டு. நல்ல நிலையில் அது முப்பது முறைக்குள் வரும். நோயாளிகளிடம் நூற்றுக்கணக்கில், ஆயிரத்தைத் தாண்டியும் நீண்டு கிடக்கிறது. பாட்டுத் தட்டில் ஊசி கீறலில் மாட்டி ஒரே அடியைப் பாடுவது போல. புரதம் உற்பத்தியாகிறது, ஆனால் சொட்டுச் சொட்டாக. எலிகளில் இந்த மரபணுவை முழுவதும் எடுத்துப் பார்த்தபோது குட்டிகள் கருவிலேயே மடிந்தன.

நகரித் தறியும் பாக்டீரியாவும்

இத்தனையும் தெரிய வேண்டுமானால் விஞ்ஞானிகளின் கையில் சுத்தமான பிராடாக்சின் வேண்டும். மனித உடம்பிலிருந்து எடுப்பதென்றால் நடக்கிற காரியமா? அங்கேதான் பாக்டீரியா வருகிறது.

நகரியில் தறிக்காரரிடம் டிசைனைக் கொடுத்துக் கூலிக்குச் சேலை நெய்து வாங்குகிறோம் அல்லவா, அதே கதைதான். மனித பிராடாக்சினின் மரபணுப் படியை ஒரு சிறு வளைய டி.என்.ஏ.வில் ஒட்டுகிறார்கள். அதை ஈ. கோலை என்ற பாக்டீரியாவுக்குள் புகுத்துகிறார்கள். நம் குடலில் குடியிருக்கும் கிருமியின் சாதுவான ஆய்வுக்கூட வம்சம் இது. சத்துக் கஞ்சி போன்ற ஒரு திரவத்தில், இதமான சூட்டில், குலுக்கிக்கொண்டே வளர்த்தால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மடங்காகும். போதுமான அளவு பெருகியதும் ஒரு ரசாயனத்தைச் சேர்ப்பார்கள். அதுதான் "நெய்யலாம்" என்ற சைகை. சில மணி நேரத்தில் பாக்டீரியாவின் உடம்பு முழுக்க மனிதப் புரதம் நிறைந்துவிடும். பிறகு பாக்டீரியாவை உடைத்து, ஆயிரக்கணக்கான சொந்தப் புரதங்களுக்கு நடுவே நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் பிரிக்க வேண்டும். இதற்காகப் புரதத்தின் முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஆறு முறை வரிசையாகச் சேர்த்து வைத்திருப்பார்கள். நிக்கல் பூசிய மணிகள் நிரம்பிய குழாயில் கரைசலை ஊற்றினால், அந்த வால் நிக்கலைப் பிடித்துக்கொள்ளும், மற்றவை ஓடிவிடும். பயோடெக்னாலஜி படிக்கும் மாணவ மாணவிகளுக்கு இன்று இது பால பாடம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மைட்டோகாண்ட்ரியாவே ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியாதான். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வேறோர் உயிரணுவுக்குள் குடிபுகுந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது என்பது விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்ட கருத்து. ஈ. கோலையிடம் பிராடாக்சினின் பங்காளியான ஒரு புரதம் இன்றும் இருக்கிறது. ஆகவே மனிதப் பிராடாக்சினைப் பாக்டீரியா தயாரிப்பது, அன்னியர் வீட்டு வேலை என்று சொல்வதற்கில்லை.

தயாரான புரதம் சுண்டுவிரல் அளவுக் குப்பிகளில், உறைநிலையில் வைத்து, தெர்மாகோல் பெட்டியில் ஊர் ஊராகப் போகிறது. குப்பிக்குள் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் வருவது ஒரு மைக்ரோகிராம். ஒரு சிட்டிகை உப்பின் எடையில் ஆயிரக்கணக்கான குப்பிகளை நிரப்பிவிடலாம். மேலே ஒட்டிய சீட்டில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக் கூடாது.

இன்சுலின் போல ஏன் கூடாது?

இங்கேதான் நோயாளியின் பெற்றோர் கேட்கும் கேள்வி வருகிறது. "எங்கள் பிள்ளைக்கு இல்லாதது இந்தப் புரதம்தானே? அதையே தயாரிக்கிறீர்களே, ஊசியாகப் போட்டால் என்ன?"

நியாயமான கேள்வி. சர்க்கரை வியாதிக்காரர்கள் தினமும் போட்டுக்கொள்ளும் மனித இன்சுலின் இதே முறையில் வந்ததுதான். 1978ல் பாக்டீரியாவில் தயாரித்துக் காட்டினார்கள். 1982ல் அமெரிக்காவில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னால் பன்றி, மாடுகளின் கணையத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் காமாலையின் ஒரு வகைக்குத் தடுப்பூசியாகும் புரதத்தை, ஐதராபாத்தில் வரப்பிரசாத ரெட்டி தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் ஈஸ்ட் நுண்ணுயிரில் தயாரித்து 1997ல் வெளியிட்டது. வெளிநாட்டு ஊசியை வாங்க முடியாத ஏழைக் குடும்பங்களுக்கும் அது எட்டியது.

ஆனால் இன்சுலின் வாசலில் நின்று கதவைத் தட்டினால் போதும். உயிரணுவின் வெளிச்சுவரில் அதற்கென்று உள்ள மணியை அடித்துவிட்டால், மீதி வேலையை உள்ளே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிராடாக்சின் அப்படியல்ல. அது உயிரணுவின் சுவரைத் தாண்ட வேண்டும். பிறகு மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சுவர்களையும் தாண்டி அடுப்படிக்கே போய்ச் சேர வேண்டும்.

உடம்பு இதை எப்படிச் சமாளிக்கிறது? பிராடாக்சின் முதலில் உருவாகும்போது 210 அமினோ அமிலம் நீளம். அதன் முன்பகுதி, பார்சலில் கட்டிய விலாசச் சீட்டு மாதிரி. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் மைட்டோகாண்ட்ரியா உள்ளே விடுகிறது. உள்ளே போனதும் ஒரு நொதி இரண்டு வெட்டாகச் சீட்டைக் கத்தரித்துவிடுகிறது. முதல் 80 போய்விடும். 81லிருந்து 210 வரை உள்ள மீதிதான் வேலை செய்யும் பிராடாக்சின்.

பாக்டீரியாவிடம் இப்படிக் கத்தரிக்கும் ஏற்பாடு கிடையாது. அதனால் ஆராய்ச்சிக்குத் தயாரிக்கும்போது பெரும்பாலும் சீட்டில்லாத மீதிப் பகுதிக்கான டிசைனை மட்டுமே கொடுக்கிறார்கள். குப்பியில் இருப்பது அசல் சரக்குதான். ஆனால் விலாசம் இல்லாத பார்சல். ஊசியில் ஏற்றினால் ரத்தத்தில் சுற்றிவிட்டு வீணாகப் போகும். பாக்டீரியாவின் நச்சுத் துகள் ஒட்டியிருந்தால் காய்ச்சலும் வரலாம், அதைவிட மோசமும் நேரலாம். மனிதருக்குச் செலுத்தும் மருந்துக்கு வேண்டிய சுத்திகரிப்பு வேறு, அதற்கான சட்டமும் வேறு.

அப்படியானால் இந்தக் குப்பியால் என்ன பிரயோசனம்? மளிகைக் கடையில் எடைக்கல் இருக்கிறது. அதை உலையில் போட்டால் சோறாகாது. அது இல்லாமல் அரிசியை நிறுக்கவும் முடியாது. நோயாளியின் ரத்தத்தில் பிராடாக்சின் எவ்வளவு என்று அளக்க, அளவு தெரிந்த சுத்தமான பிராடாக்சின் முதலில் வேண்டும். அப்படி அளந்துதான் நோயாளிகளுக்கு வழக்கமான அளவில் நூற்றுக்கு ஐந்திலிருந்து முப்பது வரைதான் இருக்கிறது, பழுதான மரபணுவில் ஒரு படி மட்டும் உள்ளவர்களுக்குச் சுமார் பாதி இருக்கிறது என்று கண்டார்கள். அந்தப் பாதியே போதும். அவர்கள் ஆயுசு முழுக்க நோயின்றி வாழ்கிறார்கள். இரும்பு, கந்தகக் கொத்து கட்டும் வேலையைப் பற்றித் தெரிந்ததும் இதே வழியில்தான். அதில் பங்குபெறும் மனிதப் புரதங்களைத் தனித்தனியே பாக்டீரியாவில் தயாரித்து, சோதனைக் குழாயில் ஒன்றாகச் சேர்த்து, பிராடாக்சின் இருந்தால் வேலை எவ்வளவு விரைகிறது என்று பார்த்தார்கள்.

மருந்து முயற்சிகளும் சும்மா இல்லை. விலாசச் சீட்டோடு முழு நீளப் பிராடாக்சினைத் தயாரித்து, சுவர்களைத் துளைத்துப் போகும் ஒரு சிறு துண்டை அதன் முன்னால் கட்டி, தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்திப் பார்க்கும் சோதனைகள் அமெரிக்காவில் நோயாளிகளிடம் நடந்திருக்கின்றன. அந்தத் துண்டு எய்ட்ஸ் வைரசின் ஒரு புரதத்திலிருந்து எடுத்தது. நோயைத் தரும் பகுதி அல்ல. 2023 பிப்ரவரியில் ஒமாவெலாக்சலோன் என்ற மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. இந்த நோய்க்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து அது. நோயின் வேகத்தைக் குறைக்கும், பிராடாக்சினைத் தராது. அமெரிக்காவில் ஒரு வருடத்துக்கு வைத்த விலை மூன்றரை லட்சம் டாலருக்கும் மேல். ரூபாயில் கோடிகள். நம் பக்கத்துக் குடும்பங்களிடம் இதைச் சொல்லவே வாய் வருவதில்லை.

அக்காள் மகளும் மாமன் மகளும்

மருந்து தூரத்தில் இருக்கிறது. ஆனால் கையருகே இருக்கும் காரியம் ஒன்று உண்டு. அது கல்யாணப் பேச்சு.

2022ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போன சந்திரகிரி வட்டாரத்தில், தமிழரானாலும் தெலுங்கரானாலும் சொந்தத்தில் பெண் எடுப்பது பரம்பரை வழக்கம். தெலுங்கில் "மேனரிகம்" என்பார்கள். அக்காள் மகளைக் கட்டுவதும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன் முறையும் உண்டு. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் மூன்றிலும் நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. சொத்து பிரியாது, பெண் கண்ணெதிரே இருப்பாள், மாமியார் அத்தையாகவே இருப்பாள் என்று அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் சுகமாகவே இருக்கிறார்கள்.

ஆனால் கணக்கு கணக்குதான். பாட்டியிடம் பழுதான மரபணு ஒரு படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு நோய் கிடையாது. அவள் மகனுக்கு அது வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. மகள் வழிப் பேத்திக்கு நான்கில் ஒன்று. மகனும் அந்தப் பேத்தியும் மணந்தால், பிள்ளைக்கு இரண்டு பழுதான படிகளும் சேர்ந்து நோய் வரும் வாய்ப்பு 32ல் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன் கட்டினால் 64ல் ஒன்று. அதே மகன் வெளியில் பெண் எடுத்தால்? ஊரில் நூறு பேரில் ஒருவரிடம் அந்தப் பழுது இருப்பதாகவே கொண்டாலும் 800ல் ஒன்றுதான்.

இது வீட்டில் யாருக்கும் நோய் தெரியாத நிலைமையில் போட்ட கணக்கு. ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியாகிவிட்டால் கதை வேறு. அடுத்துப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. சுகமாக இருக்கும் அண்ணனுக்கோ அக்காளுக்கோ பழுதான படி ஒன்று இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. அந்த அக்காளைத் தாய்மாமனுக்கே பேசும்போது, மாமனின் ரத்தத்தையும் பெண்ணின் ரத்தத்தையும் ஒரு முறை பரிசோதித்துப் பார்ப்பது ஜாதகம் பார்ப்பதைவிட அவசியம்.

மருமகளின் வயிற்றைக் குற்றம் சொல்லும் வழக்கத்துக்கும் இங்கே இடமில்லை. இந்தப் பழுது தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று வந்து சேர்ந்தால்தான் நோய். இதில் பங்கு சரிபாதி.

எங்கே போவது, என்ன கேட்பது?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மரபணு மருத்துவத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் நரம்பு நோய்களுக்குப் பேர்போனது. மத்திய அரசு 2021ல் வெளியிட்ட அரிய நோய்க் கொள்கையின் கீழ் சிறப்பு மையங்களாக அறிவிக்கப்பட்டவற்றில் ஐதராபாத் சி.டி.எப்.டி. நிலையமும் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் உள்ளன.

போகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. "எக்சோம்" என்ற பெரிய மரபணுச் சோதனையைப் பல்லாயிரம் ரூபாய் செலவழித்துச் செய்து, ஒன்றும் இல்லை என்று பதில் வந்திருக்கலாம். அந்தச் சோதனையில் பிரீட்ரைக் நோய் பெரும்பாலும் சிக்காது. மூன்றெழுத்து திரும்பத் திரும்ப நீண்டிருக்கும் இடத்தை அது சரியாகப் படிப்பதில்லை. அதற்கென்று தனிச் சோதனை உண்டு. கேட்டுச் செய்ய வேண்டும்.

இரண்டாவது, வைட்டமின் ஈ. குடலில் சேரும் வைட்டமின் ஈயை ரத்தத்தில் நிறுத்திவைக்க ஒரு புரதம் வேண்டும். அதன் மரபணு பழுதானால் வரும் நோய், பார்வைக்குப் பிரீட்ரைக் போலவே இருக்கும். அதே தள்ளாட்டம், அதே குழறல், துள்ளாத கால். இதுவும் இரு பக்கமிருந்தும் பழுது சேர்ந்தால் வருவதே. ஆனால் இதற்கு மருந்து இருக்கிறது: டாக்டர் சொல்லும் அதிக அளவில் வைட்டமின் ஈ மாத்திரை, ஆயுசு முழுக்க. சீக்கிரம் தொடங்கினால் நோய் மேலே போகாமல் நிற்கும். சிலருக்குக் கொஞ்சம் திரும்பவும் செய்யும். தாமதித்தால் போன நரம்பு வராது. ரத்தத்தில் வைட்டமின் ஈ எவ்வளவு என்று பார்ப்பது சாதாரணச் சோதனை. வளரும் பிள்ளைக்கு நடை தள்ளாடத் தொடங்கினால் அந்தச் சோதனையை முதல் மாதத்திலேயே செய்துவிடலாம்.